தோளைத் தலைகீழாக மாற்றியமைக்கும் இரண சிகிச்சை

சங்கத்தின் ஐந்தொகை தயாராகும்போது கட்டிடத்துக்கும் தராசுக்கும் தறிக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். தேய்ந்த பொருளை எந்நிலையில் பழுது பார்ப்பது, எந்நிலையில் மாற்றுவது என்பதை நிர்வாகக் குழு கூடி ஆலோசித்து முடிவு செய்கிறது. ஆனால் அச் சங்கத்துக்கு ஆதாரமாய் விளங்கும் அங்கத்தினரின் தோளுக்குத் தேய்மானம் எழுதுவார் எவருமில்லை. அது முற்றும் பழுதாகிக் கை உயராமற் போன பின்னரே வீட்டாரும் ஊராரும் அதை நினைக்கின்றனர்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய கீழ்ப் பழனி மலை ஊர்களில் காப்பிப் பழமும் மலைவாழைத் தாரும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறியே தோட்டத்திலிருந்து வண்டிப் பாதைக்கு வருகின்றன. நிழல் மரங்களில் படர்ந்த மிளகைப் பறிப்போர் மூங்கில் ஏணியில் நின்று கைகளைத் தலைக்கு மேல் நீட்டியே நாள் முழுதும் வேலை செய்கின்றனர். மலைக்குக் கீழே சின்னாளபட்டி போன்ற நெசவூர்களில் ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்ட, மறு கை அச்சுப் பலகையை இழுத்து அடிக்கிறது. ஒரு நாளில் அக் கைகள் எத்தனை ஆயிரம் முறை அசைகின்றன என்று எண்ணிப் பார்ப்பாரில்லை.

இத்தகைய உழைப்பாளிகளிடையே, "கை மேலே ஏறவில்லை" என்னும் முறையீடு நம் காதில் அடிக்கடி விழுகிறது. சிலர் தைலம் தேய்த்தே ஆண்டுகளைக் கழிக்கின்றனர். வேறு சிலர் நகரத்து ஆஸ்பத்திரியில், "தோள் மூட்டினை மாற்ற வேண்டும், அதையும் தலைகீழாக மாற்ற வேண்டும்" என்று கேட்டுத் திகைத்துப் போய், அச்சத்தாலும் அவசரத்தாலும் காப்பியைப் பூவிலேயே விலை பேசிவிட எண்ணுகின்றனர். இவ்விரு சாராருக்கும் உதவும் பொருட்டு, இச் சிகிச்சை யாது, எவருக்கு ஏற்றது, அதனால் கிடைப்பதும் கிடைக்காததும் எவை என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். இச் சிகிச்சை கையைத் திருப்பித் தரும். சுமையைத் திருப்பித் தராது. இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே படிக்க வேண்டுகிறோம்.

தோள் இயங்கும் விதம்

இடுப்பு மூட்டு ஆழ்ந்த கிண்ணத்தில் பந்து பொதிந்தது போன்றது. தோள் மூட்டு அத்தகையதன்று. மேற்கை எலும்பின் உச்சியில் உருண்டையான தலை இருக்கிறது. அது வந்து பொருந்தும் இடமோ தோள்பட்டை எலும்பின் ஓரத்திலுள்ள சிறிய, ஆழமற்ற குழிவு. தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழத்தை நினைவிற் கொண்டால் இந்த அமைப்பு விளங்கும். இவ்வாறு அமைந்திருப்பதனாலேயே நம் கை எல்லாத் திசைகளிலும் சுழல முடிகிறது. இதே காரணத்தால்தான் தோள் எளிதில் நழுவவும் செய்கிறது.

நழுவாதபடி காப்பவை அப் பந்தைச் சூழ்ந்த நான்கு தசைகள். தோள்பட்டை எலும்பில் தோன்றும் இவற்றின் முனைகள் தட்டையான நார்களாகி, பந்தின் முன்னும் மேலும் பின்னுமாக ஒட்டிக்கொள்கின்றன. சுழற்றுத் தசைகள் என்பது இவற்றின் பெயர். இவற்றுக்கு மேலே, தோளின் புறத்தே, தொப்பி கவிழ்த்தது போல் பருத்துத் தோன்றுவது டெல்டாய்டு என்னும் முக்கோணத் தசை. கையைத் தூக்கும் பெரும் வலிமை இதனுடையது.

தோட்டத்தில் நீண்ட மூங்கில் ஏணியை நிமிர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இவ்விரு வகைத் தசைகளின் கூட்டு வேலை உடனே புலப்படும். ஒருவர் ஏணியின் அடியைக் காலால் மிதித்துக்கொள்கிறார். மற்றவர் நுனியைத் தூக்கிக்கொண்டே வருகிறார். மிதிக்கும் கால் இல்லையேல், தூக்குபவர் எவ்வளவு வலிமையுள்ளவராயினும் ஏணி நிமிராது. அடி சறுக்கிக்கொண்டே போகும். தோளில் மிதிக்கும் காலாக நிற்பவை சுழற்றுத் தசைகள். தூக்கும் கை டெல்டாய்டு. முன்னவை பந்தைக் குழிவில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பின்னது கையை உயர்த்துகிறது.

நார் கிழிந்தால் நேர்வது

வயது ஏற ஏறச் சுழற்றுத் தசைகளின் நார் நைந்து போகிறது. அறுபதைக் கடந்தவர் பலருக்கு வலியே தோன்றாமலும் அது சிறிதளவு கிழிந்திருப்பதுண்டு. ஈரமான வரப்பில் கையூன்றி விழுவதும், ஏணியிலிருந்து சறுக்குவதும், நழுவிய மூட்டை ஒரே வீச்சில் கையை இழுப்பதும் நைந்த நாரை முழுவதுமாய் அறுத்துவிடக் கூடும்.

நார் அறுந்த புதிதில் அதைத் தைத்து எலும்போடு இணைத்துவிடலாம். துளை வழியே கருவி செலுத்திச் செய்யும் சிகிச்சை இன்று இதற்கு உண்டு. காலம் கடந்தாலோ அறுந்த முனை உள்ளே சுருங்கிவிடுகிறது. வேலையற்ற தசை மெலிந்து கொழுப்பாக மாறுகிறது. அந்நிலையில் நாரைத் தைத்தாலும் பழைய வலிமை மீள்வதில்லை.

மேலும் ஆண்டுகள் கழிய, அடியை மிதிப்பார் இல்லாத ஏணி போலப் பந்து மேல்நோக்கிச் சறுக்குகிறது. தோள் உச்சியிலுள்ள எலும்புக் கூரையில் போய் உராய்கிறது. உராய்வினால் மூட்டின் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து, பந்தின் வடிவமே குலைகிறது. கை மார்பளவுக்குக் கூட உயர்வதில்லை. இரவில் அப் பக்கம் சாய்ந்து படுக்கவும் இயலாது. நியூயார்க் நகரத்து டாக்டர் சார்லஸ் நீர் தம் துணைவர்களோடு 1983இல் இந் நோயைத் தனியே வகைப்படுத்தி எழுதினார். நார் கிழிவினால் வந்த மூட்டு அழிவு என அதற்குப் பொருள்படப் பெயரும் வைத்தார்.

முந்தைய முயற்சிகள்

பழுதான தோளுக்குச் செயற்கை மூட்டு வைக்கும் எண்ணம் மிகப் பழையது. 1893இல் பாரிஸ் நகரத்தில் டாக்டர் பேயான், காசநோயால் தோள் எலும்பு அரிக்கப்பட்ட ஒருவருக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு அமைத்த மூட்டினைப் பொருத்தினார். அதைச் செய்து கொடுத்தவர் ஒரு பல் வைத்தியர். ஏறத்தாழ ஈராண்டுக்குப் பின் உள்ளே சீழ் கட்டியமையால் அதை எடுத்துவிட நேர்ந்தது.

பின்னர் 1950களில், மேலே கூறிய நீர் அவர்களே, நொறுங்கிய பந்தினை நீக்கி உலோகப் பந்து வைக்கும் முறையை நிலைநாட்டினார். 1970களில் குழிவின் மேல் நெகிழியாலான கிண்ணமும் சேர்ந்தது. சுழற்றுத் தசைகள் நன்றாக உள்ளவர்களுக்கு இம்முறை இன்றளவும் பயன்படுகிறது. இயற்கையில் உள்ளபடியே பந்து கையிலும் குழிவு தோள்பட்டையிலும் இருப்பதால் இதை இயல்பு முறை மாற்று மூட்டு எனலாம்.

ஆனால் நார் முழுதும் அழிந்தவர்களுக்கு இது நிலைக்கவில்லை. இதன் காரணம் நமக்கு இப்போது எளிதில் விளங்கும். உலோகப் பந்தாயினும் அதை மிதித்துக்கொள்ள ஆளில்லை. கையைத் தூக்கும் போதெல்லாம் அது மேலே சறுக்கிக் கிண்ணத்தின் மேல் விளிம்பை நெம்புகிறது. மாடு இழுத்து இழுத்து ஆட்டிய முளை போலக் கிண்ணம் தளர்ந்து போகிறது.

பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையிலும் இடம் மாற்றி வைத்தால் என்ன என்று 1970களிலேயே பலர் முயன்றனர். அவர்கள் அமைத்த பந்துகள் ஒரு கழுத்தின் நுனியில் எலும்பைவிட்டு வெளியே தள்ளி நின்றன. கையின் பாரமெல்லாம் அக் கழுத்தை நெம்பவே, எலும்பில் பதித்த திருகுகள் விரைவில் தளர்ந்தன. அம் முயற்சிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன.

டிஜோன் நகரத்துக் கண்டுபிடிப்பு

பிரான்சு நாட்டில் டிஜோன் நகரத்து எலும்பு வைத்தியரான டாக்டர் பால் கிராமோன் இக் குறையை ஆராய்ந்து, 1985இல் புதிய அமைப்பொன்றைத் தோற்றுவித்தார். அவர் செய்த மாற்றங்களுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, பந்தைப் பெரிதாக்கிக் கழுத்தை அறவே நீக்கித் தோள்பட்டை எலும்போடு ஒட்டி வைத்தார். சுழலும் மையம் எலும்பின் மேற்பரப்பிலேயே அமைந்தது. ஆகவே கையின் பாரம் பந்தை நெம்புவதற்குப் பதிலாக எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் திருகுகள் தளர்வதில்லை.

இரண்டாவது, மையம் உள்நோக்கி நகர்ந்ததால் டெல்டாய்டு தசைக்கு நெம்பும் தூரம் கூடியது. சங்கக் கிடங்கில் முன்பு வழங்கிய துலாக்கோலைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதன்று. தூக்கிப் பிடிக்கும் கயிற்றின் இடத்தைச் சிறிது நகர்த்தினாலே அதே சிறிய குண்டு மேலும் பெரிய நிறையைச் சமன் செய்கிறது. அது போல, தசையின் வலிமை கூடாமலே அதன் பயன் கூடியது.

மூன்றாவது, மேற்கை எலும்பு சற்றுக் கீழே இறக்கப்பட்டது. மேலே சறுக்கிய எலும்பினால் தளர்ந்து தொங்கிய டெல்டாய்டு, இதனால் இழுத்துக் கட்டிய பாவினைப் போல விறைத்தது. தளர்ந்த பாவில் நாடா ஓடாது. தளர்ந்த தசையும் கையைத் தூக்காது.

கையில் இப்போது பந்து இல்லை, கிண்ணம் இருக்கிறது. அது தோள்பட்டையில் நிலையாக ஊன்றிய பந்தின்மேல் அமர்ந்து சுழல்வதால் மேலே சறுக்க வழியில்லை. ஏணியின் அடியை மிதிப்பவர் இனிக் கிடைக்கமாட்டார் என்று தெரிந்தபின், அடியில் முளை அடித்து நிறுத்தியது போன்ற ஏற்பாடு இது. நான்கு தசைகள் செய்த வேலையை ஏற்பாட்டின் மாற்றத்தாலேயே ஈடு செய்து, எஞ்சிய ஒரு தசையைக் கொண்டு கையை உயர்த்தும் உபாயம் என இதன் சாரத்தைக் கூறலாம்.

முதல் எட்டு நோயாளிகளின் விவரத்தைக் கிராமோன் 1987இல் வெளியிட்டார். சிலருக்குக் கை நன்கு உயர்ந்தது. சிலருக்கு எதிர்பார்த்த அளவு உயரவில்லை. அவர் சோர்ந்துவிடாமல் அமைப்பைத் திருத்தி, 1991இல் அரைப் பந்து வடிவில் புதிய மூட்டினை வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் தலைகீழ் மூட்டுகள் அதன் வழி வந்தவையே. அமெரிக்க அரசு தன் நாட்டில் இதற்கு 2003ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதி வழங்கியது. இந்தியாவில் 2000க்குப் பின்னரே இது பரவலாயிற்று. கிராமோன் 2013இல் காலமானார்.

அயல்நாட்டார் செய்ததை வியந்து நிற்பதோடு நம் நாட்டு முயற்சியையும் நினைத்தல் தகும். எலும்புப் புற்றுநோய் கண்டவர்களுக்குக் கையையோ காலையோ வெட்டிவிடாமல், நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, உள்நாட்டிலேயே அளவெடுத்துச் செய்த உலோக எலும்பைப் பொருத்தும் வழியைச் சென்னையில் 1980களின் பிற்பகுதி முதல் வளர்த்தவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். மாற்று மூட்டு என்பது செல்வர்க்கே உரியது என்னும் எண்ணத்தை அகற்றிய பணிகளுள் அதுவும் ஒன்று.

எவருக்கு வேண்டும், எவருக்கு வேண்டாம்

தோள்வலி உள்ளவருள் மிகச் சிலருக்கே இச் சிகிச்சை தேவைப்படும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கு, முக்கியமாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, தோள் இறுகிப்போவது பெருவழக்கு. அது மாதக் கணக்கில் துன்புறுத்தினாலும் மருந்தாலும் முறையான பயிற்சியாலும் பெரும்பாலும் குணமாகும். அதற்கு மூட்டு மாற்றம் வேண்டியதில்லை. இரண்டையும் ஒருவாறு வேறுபடுத்தி அறிய ஒரு வழி உண்டு. நாமாகத் தூக்கும்போது உயராத கை, பிறர் மெல்லப் பிடித்துத் தூக்கும்போது உயருமானால் நார் கிழிந்திருக்கக் கூடும். பிறர் தூக்கினும் உயராது தடைபட்டால் மூட்டு இறுகியிருக்கக் கூடும். இது முதல் அடையாளம் மட்டுமே. எக்ஸ்ரே படமும், தேவையாயின் எம்.ஆர்.ஐ. படமும் பார்த்து டாக்டர் கூறுவதே முடிவு.

நார் கிழிந்தவருள்ளும் பலருக்குத் தையலே போதும். இன்னும் பலர் பயிற்சியாலேயே போதிய அளவு தேறிவிடுகின்றனர். நார் தைக்க முடியாத அளவு அழிந்து, மூட்டும் தேய்ந்து, கை உயராமலும் வலி தணியாமலும் இருப்பவர்களுக்கே தலைகீழ் மூட்டு உரியது. பெரும்பாலும் அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கே இதைச் செய்கின்றனர். முதியவர் கீழே விழுந்து பந்து பல துண்டாக நொறுங்கி, ஒட்டவைக்க இயலாத நிலையிலும் இது பயன்படுகிறது. முன்பு வைத்த இயல்பு முறை மூட்டு கெட்டுப்போனவர்களுக்கும் இதுவே வழி.

இவற்றோடு நம் ஊர்களுக்கே உரிய மற்றொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். விழுந்து தோள் இடம் பெயர்ந்ததை அறியாமல், படம் எடுத்துப் பாராமல், எண்ணெயும் கட்டும் போட்டே சிலர் மாதங்களைக் கழித்துவிடுகின்றனர். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சில நிமிடங்களில் சரியாகியிருக்கக் கூடிய மூட்டு, வெளியேயே நின்று கெட்டிப்பட்டுப் போகிறது. அத்தகைய முதியவர்களுக்குக் கடைசியில் இப் பெரிய சிகிச்சையை நாடும் நிலை நேர்வதுண்டு. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட விரும்புபவரும் முதலில் ஓர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிடுவது குடும்பத்தையே காக்கும்.

இச் சிகிச்சை கூடாதவர்களும் உளர். இதன் பலன் முழுவதும் டெல்டாய்டு தசையையே நம்பியிருப்பதால், அத் தசையோ அதை இயக்கும் நரம்போ செயலற்றவருக்கு இதனால் பயனில்லை. மூட்டில் சீழ்ப்பிடிப்பு உள்ளவருக்கு அது முற்றும் தீராமல் செய்யலாகாது. திருகுகளைத் தாங்கும் அளவுக்குத் தோள்பட்டை எலும்பு இல்லாதவருக்கும் பொருந்தாது. இளவயதினருக்கு டாக்டர்கள் இதை எளிதில் பரிந்துரைப்பதில்லை. செயற்கை மூட்டுக்கும் தேய்மானம் உண்டல்லவா?

சிகிச்சையும் பிற்காலமும்

சிகிச்சை பொதுவாக ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் நடைபெறும். தோளின் முன்புறம் திறந்து, பழுதான பந்தை நீக்குகின்றனர். தோள்பட்டைக் குழிவில் டைட்டானியம் தகட்டினைத் திருகுகளால் பதித்து, அதன்மேல் கோபால்ட் கலப்பு உலோகத்தாலான அரைப் பந்தினைப் பொருத்துகின்றனர். மேற்கை எலும்பின் உள்ளே உலோகத் தண்டைச் செலுத்தி, அதன் தலையில் உறுதியான நெகிழிக் கிண்ணத்தை அமைக்கின்றனர். சில நாட்களில் வீடு திரும்பலாம்.

பிறகு நான்கு முதல் ஆறு வாரம் வரை கையைத் தூளியில் தாங்கியிருக்க வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதலிலிருந்தே அசைக்கலாம். அதன்பின் பயிற்சியாளர் கூறும் முறைப்படி தோளை அசைக்கத் தொடங்குகின்றனர். மூன்று திங்களில் இலேசான வீட்டு வேலைகள் கைவரும். முழுப் பலன் தெரிய ஆறு திங்கள் முதல் ஓராண்டு செல்லும். ஆஸ்பத்திரி வாசத்தைக் காட்டிலும் வீட்டில் செய்யும் பயிற்சியே பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே வந்து அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறுவதே ஒரு நாள் வேலையாகிவிடும் மலையூர்களுக்கு இத்தகைய ஏற்பாடு எத்துணை உதவியானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

தொடக்க மாதங்களில் ஓர் அசைவை முற்றும் தவிர்க்க வேண்டும். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் உள்நோக்கித் திருப்புவதே அது. தரையில் பின்னே கையூன்றி எழுந்திருப்பதும், இடுப்பின் பின்புறம் வேட்டியையோ சேலையையோ செருகுவதும் இவ்வகை. இவற்றால் புதிய மூட்டு இடம் பெயரக் கூடும். பிற்காலத்திலும் முதுகுப்புறம் கை செல்வது குறைவாகவே இருக்கும். இடத் தோளில் சிகிச்சை செய்துகொள்பவர் காலைக் கடன் கழித்துச் சுத்தம் செய்துகொள்வதற்கு வேறு வழியைப் பழகிக்கொள்ள நேரிடலாம். வெட்கத்தினால் இதைக் கேளாமல் விட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. முன்னரே டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்க.

தீங்குகளும் இல்லாமலில்லை. உள்ளே சீழ் பிடித்தல், மூட்டு இடம் பெயர்தல், நரம்பு நலிதல், தோள் உச்சி எலும்பில் விரிசல், திருகு தளர்தல் ஆகியவை சிலருக்கு நேர்கின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், சொத்தைப் பல்லைக் கவனிப்பதும், மழைக்காலத்து அட்டைக்கடிப் புண் முதலியவை ஆறிய பின்பே சிகிச்சைக்குச் செல்வதும் சீழ்ப்பிடிப்பைத் தடுக்க உதவும். பிரெஞ்சு நாட்டார் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து எழுதிய அறிக்கைகளில், பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட மூட்டுகள் மாற்றப்படாமலே இருந்தன. நாளடைவில் கையின் வலிமை சிறிது குறைவதும் அவற்றில் காணப்பட்டது.

கை திரும்பும், சுமை திரும்பாது

சிகிச்சை நன்கு முடிந்தவர் தம் கையால் உண்ணலாம், தலை வாரலாம், சட்டை மாட்டலாம், அலமாரியிலுள்ள பொருளை எடுக்கலாம், இரவில் உறங்கலாம். பலருக்குக் கை தோள் மட்டத்துக்கு மேலே உயர்கிறது. பிறர் கையை எதிர்பார்த்திருந்த முதியவருக்கு இவை சிறிய பேறுகள் அல்ல.

ஆனால் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளுக்கு ஏற்றுவது இனி இல்லை. பத்துக் கிலோ அளவுக்கு மேல் அக் கையால் தூக்கலாகாது என்றே டாக்டர்கள் பலரும் வரையறுக்கின்றனர். கோடரி வீசுவதும், ஏணியேறி மிளகு பறிப்பதும், நிழல் மரம் கழிப்பதும் கூடா. தறியின் முன் அமரலாமா என்பதை, தறியின் வகையையும் கைக்கு வேண்டிய விசையையும் டாக்டரிடம் செய்து காட்டியே முடிவு செய்ய வேண்டும்.

ஆதலின் குடும்பத்தார் கூடி ஆலோசிக்க வேண்டியது சிகிச்சைச் செலவை மட்டுமன்று. எழுபது வயதான ஒரு விவசாயி, சுமை கூலியையே நம்பி வாழ்பவர் என வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்குப் பின் பழைய கூலி திரும்பும் என்று கணக்கிட்டு அவர் கடன் வாங்குவாராயின் அக் கடன் தீராது. இனிச் செய்யத்தக்க வேலை எது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் அவர் ஏமாற்றமடைய மாட்டார். நாற்றுப் பைகளைப் பேணுதல், களத்தில் காப்பி உலர்த்துவதை மேற்பார்த்தல், பழம் தரம் பிரித்தல், நெசவு வீட்டில் தார் சுற்றுதல் போன்றவை அவர்க்கு ஏற்கும். சங்கங்களும் கிடங்குக் காவல், எடை பார்த்தல் முதலிய இலகுவான பணிகளில் இத்தகைய அங்கத்தினருக்கு முதலிடம் தரலாம்.

காலமும் செலவும்

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. நாட்பட்ட தேய்வினால் வந்த நோய்க்கு இச் சிகிச்சை அவசரமானதன்று. சில மாதங்கள் பொறுத்துச் செய்வதால் பொதுவாகக் கேடு விளையாது. ஆகவே காப்பியைப் பூவில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழம் பறித்து, உலர்த்தி, விற்று, கணக்கு முடித்த பின், வேலை குறைந்த பருவமாகப் பார்த்துச் சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம். கை தூளியில் இருக்கும் வாரங்கள் அறுவடைக் காலத்தோடு மோதாமலிருக்கும். இதற்கு மாறாக, விழுந்து எலும்பு நொறுங்கியதும், மூட்டு இடம் பெயர்ந்ததும், விழுந்த உடன் கை உயராமற் போனதும் ஒரு நாளும் தாமதிக்கத் தக்கன அல்ல.

பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால் திண்டுக்கல், தேனி, மதுரை ஆகிய மூன்று திசைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உள்ளன. இவற்றுள் திண்டுக்கல் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. மதுரையில் இராஜாஜி ஆஸ்பத்திரி நெடுங்காலமாக இயங்கி வருகிறது. முதல் ஆலோசனைக்கும் படத்துக்கும் இவற்றை நாடுவதே முறை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வரை என விரிவாயிற்று. ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் அட்டையைக் காட்டி, தம் நோய்க்குரிய இச் சிகிச்சை பட்டியலில் அடங்குமா, எவ்வளவு தொகை வரை அடங்கும், மூட்டின் விலையும் அதில் சேருமா என்பவற்றைச் சேரும் முன்னரே எழுத்தில் பெறுக. மிகுதிக்குப் பணம் வேண்டின் தனியார் வட்டியை நாடுமுன் சங்கச் செயலாளரிடம் நகைக் கடன் பற்றிக் கேட்பது நன்று.

டாக்டரிடம் செல்லும்போது கீழ்க்கண்ட கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம். நார் தைக்கக் கூடிய நிலையில் உள்ளதா? பயிற்சியால் மட்டும் தேற வழியுண்டா? எம் டெல்டாய்டு தசையும் நரம்பும் நன்றாக உள்ளனவா? இவ்வகைச் சிகிச்சை இங்கே அடிக்கடி நடைபெறுகிறதா? பின்னர் எவ்வளவு பாரம் தூக்கலாம்? பயிற்சி எங்கே, எத்தனை நாள்? இவற்றுக்கு விடை கூற நல்ல டாக்டர் எவரும் தயங்கமாட்டார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவ்வளவும் நோய் முற்றிய பின் செய்வன. அதனினும் எளிதானது முன்னரே காப்பது. வழுக்கும் படிகளைச் செப்பனிடுதல், ஏணிக்கு அடிப்பிடிப்பு அமைத்தல், மூட்டைகளைப் பாதி அளவில் கட்டுதல், மட்டக் குதிரையோ தள்ளுவண்டியோ செல்லக் கூடிய இடத்தில் மனிதத் தோளை வருத்தாதிருத்தல் ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை. தள்ளுவண்டியைத் தனியொருவர் வாங்க இயலாவிடில் சங்கமே வாங்கி முறைவைத்து வழங்கலாம். இத்தகைய சிறு காரியங்களுக்காகவே கூட்டுறவு தோன்றியது.

மற்றொரு காரியமும் உண்டு. அதற்குச் செலவே இல்லை. மகாசபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும்போது அங்கத்தினர் யாவரும் கை உயர்த்துகின்றனர். அவ்வமயம் தலைவரும் செயலாளரும் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், எந்த முதியவரின் கை தோளளவோடு நின்றுவிடுகிறது, எவர் மறு கையால் தாங்கி உயர்த்துகிறார் என்பதையும் சற்றுக் கவனிப்பாராக. கூட்டம் முடிந்ததும் அவரை அழைத்து விசாரித்து, அம் மாதத்துக்குள்ளாகவே படம் எடுத்துப் பார்க்க அனுப்பி வைத்தால், நார் தைக்கும் நிலையிலேயே பலருடைய தோள்கள் பிழைக்கும். இக் கட்டுரை கூறும் பெரிய சிகிச்சை அவர்களுக்கு வேண்டியிராது.